சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம்: தூரம், நேரம், யாருக்கு லாபம்

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். சிங்கப்பூரில் குடியிருப்பவருக்கும், எந்த ஊரிலிருந்து கிளம்பினாலும் சிங்கப்பூரைத் தொட்டே ஆக வேண்டியவருக்கும் நியூயார்க் போக இதைவிட நல்ல வழி இல்லை. சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு இது சுற்றுவழி. எக்கானமியில் போக நினைப்பவருக்கு இதில் இடமே கிடையாது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழியில் நாளைக்கு இரண்டு விமானம் விடுகிறது. எஸ்கியூ 24 சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் நண்பகல் வாக்கில் கிளம்பி, நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தில் அதே தேதி மாலை இறங்குகிறது. எஸ்கியூ 22 நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் இருக்கும் நூவர்க்கில் விடிகாலை இறங்குகிறது. திரும்பி வரும்போது இவற்றின் எண்கள் முறையே 23, 21. ஜே.எஃப்.கே. விமானம் இரவு பத்தரை வாக்கில் கிளம்பும், நூவர்க் விமானம் காலையில். பருவத்துக்குப் பருவம் நேரம் கொஞ்சம் நகரும். டிக்கெட்டில் இருப்பதையே நம்ப வேண்டும்.

தூரத்துக்கு வருவோம். சாங்கியிலிருந்து ஜே.எஃப்.கே. 15,349 கிலோமீட்டர், நூவர்க் 15,344. ஜே.எஃப்.கே. தூரத்தை மைலில் சொன்னால் 9,537, கடல் மைலில் சொன்னால் 8,288. விமானிகளும் விமான நிறுவனங்களும் கடல் மைலில் பேசுவார்கள், இணையதளங்கள் சாதாரண மைலில் போடும். இரண்டு இடத்தில் இரண்டு எண்ணைப் பார்த்துக் குழம்புகிறவர்கள் முதலில் அளவு எது என்று பார்த்தால் போதும்.

இந்த எண்ணை யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூர் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது, நியூயார்க் மேற்கில் 74. கூட்டினால் 178, அதாவது கிட்டத்தட்ட உலக உருண்டையின் நேர் எதிர்ப்புறம். அதனால் மிகக் குறுகிய வழி கிழக்கேயும் இல்லை, மேற்கேயும் இல்லை. நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டிக் கடந்து, மறுபக்கம் தெற்கே இறங்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, ஆக 138. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் வீதம் பெருக்கினால் 15,345 வருகிறது. தூரம் காட்டும் தளங்கள் வரையும் வளைகோடும் துருவத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள்தான் போகிறது.

ஆனால் விமானம் பெரும்பாலும் அந்தக் கோட்டில் பறப்பதில்லை. அந்தக் கோடு சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாகப் போகிறது. 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கும் நிறுவனங்களில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஒன்று. அதற்கு முன்பே கூட, கோடு குறுகியது என்பதற்காக யாரும் அதில் போய்விடுவதில்லை. தீர்மானிப்பது காற்று. ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்று குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்களும் உண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர் போகிற விமானத்தை 150 கிலோமீட்டர் காற்று பின்னாலிருந்து தள்ளினால், நிலத்துக்கு மேல் அதன் வேகம் 1,050 ஆகிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

அதனால் போகும்போது தென்சீனக் கடல், ஜப்பான், வட பசிபிக், அலாஸ்கா, கனடா என்று கிழக்கு வழி. திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா, மேற்காசியா என்று மறுபடியும் கிழக்கு வழி. போய்வந்து முடிக்கும்போது பல பயணிகள் பூமியை ஒரு முழுச் சுற்று சுற்றியிருப்பார்கள், பலருக்கு அது தெரிவதும் இல்லை. 2018-இல் நூவர்க் விமானத்தை அறிவித்தபோது விமான நிறுவனமே சொன்ன பயணத் தூரம் சுமார் 16,700 கிலோமீட்டர். வரைபடத் தூரத்தைவிட 1,350 கிலோமீட்டர் அதிகம். திரையில் ஓடும் வரைபடத்தைப் பார்த்து ‘ஏன் சுற்றிப் போகிறார்கள்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

நேரத்துக்கும் இதே கதைதான். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் பதினேழு மணி நேரம் வரும். சில தளங்கள் 800-ஆல் வகுத்து அரை மணி கூட்டி, இருபதைத் தொடும் ஒரு விடையைத் தருகின்றன. இரண்டும் அட்டவணையோடு ஒட்டாது. அட்டவணையில் இருப்பது பதினெட்டரையிலிருந்து பதினெட்டே முக்கால் மணி நேரம். வாயிலை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த வாயிலில் நிற்பது வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, நியூயார்க் வானில் வரிசையில் காத்திருப்பது, காற்று சாதகமாக இல்லாத நாளுக்கான மிச்சம் எல்லாம் அதற்குள் அடக்கம். 2018 அக்டோபர் 11 அன்று கிளம்பிய முதல் விமானம் 17 மணி 52 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. நல்ல காற்று கிடைத்தால் அரை மணி, முக்கால் மணி முன்னால் இறங்குவது இந்த வழியில் சாதாரணம். அழைத்துப் போக வருகிறவரிடம் இதைச் சொல்லி வைப்பது நல்லது.

கடிகாரக் கணக்கில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நேரம் ஆண்டு முழுக்க மாறாது. நியூயார்க் மார்ச் இரண்டாம் ஞாயிறு முள்ளை ஒரு மணி முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னால் இழுக்கும். ஆகவே வித்தியாசம் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. கோடையில் சாங்கியில் பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40. பன்னிரண்டைக் கழித்தால் நியூயார்க்கில் அதே தேதி மாலை 6.40. திரும்பும்போது கணக்கு தலைகீழ். செவ்வாய் இரவு 10.30-க்குக் கிளம்பினால் சிங்கப்பூரில் இறங்குவது வியாழன் விடிகாலை 5.10. புதன்கிழமை என்ற ஒன்று அந்த வாரத்தில் இருக்காது. புதன் அன்று கட்ட வேண்டிய தவணை, சந்திப்பு, சிங்கப்பூரில் பிடிக்க வேண்டிய அடுத்த விமானம் எதுவானாலும் டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக இருக்கும் ‘+2’-ஐப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டில் எந்த விமானம்? இறங்கியதும் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஸ்கியூ 24 மாலையில் இறக்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் காலையில் ஓரளவு அமெரிக்க நேரத்தோடு ஒட்டி எழலாம். கஷ்டம் என்னவென்றால், நன்றாகத் தூங்க வேண்டிய முதல் எட்டு மணி நேரம் சிங்கப்பூர் உடம்புக்குப் பட்டப்பகல். கண்ணை மூட மனம் வராது. எஸ்கியூ 22-இல் ஏறியதும் தூக்கம் தானாக வரும், ஆனால் அப்போது நியூயார்க்கில் நண்பகல். ஏறிய கையோடு எட்டு மணி நேரம் தூங்கித் தீர்த்துவிட்டால் இறங்கும் காலைப்பொழுது உடம்புக்கு மாலையாகிவிடும். முதல் பாதியில் படம் பார்த்துச் சமாளித்துவிட்டு, இரண்டாம் பாதியில் தூங்குவது சரி. இன்னொன்று: காலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்குப் பெரும்பாலான ஹோட்டல்களில் மதியம் மூன்று மணி வரை அறை கிடைக்காது. உறவினர் வீடு இல்லாதவர்கள் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டும் நிலை வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு எஸ்கியூ 24-ஐத்தான் சொல்வோம்.

இனி விமானம். ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் என்ற மிக நெடுந்தூர வகை. உலகத்தில் மொத்தம் ஏழுதான் இருக்கின்றன, ஏழும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண ஏ350 மாதிரியேதான் இருக்கும். வித்தியாசம் எரிபொருளில்: இது 1,65,000 லிட்டர் கொள்ளும், சாதாரண வகையைவிட 24,000 லிட்டர் அதிகம். அந்த எடையைச் சுமப்பதற்காக முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இருக்கைகளையும் குறைத்தார்கள். இதே நிறுவனம் நெடுந்தூரத்துக்கு ஓட்டும் சாதாரண ஏ350-இல் 253 பேர் போகலாம், இதில் 161 பேர்: பிசினஸ் 67, பிரீமியம் எக்கானமி 94. எக்கானமி இல்லாததற்குக் காரணம் பகட்டு இல்லை, எடை. 2004 முதல் 2013 வரை இதே வழியில் நான்கு எஞ்சின் ஏ340-500-ஐ ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வெறும் 100 பிசினஸ் இருக்கை மட்டும் வைத்தும் எரிபொருள் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு எஞ்சினில் இவ்வளவு தூரம் போக முடிந்த பிறகுதான் இந்த வழி மறுபடி உயிர் பெற்றது.

பிரீமியம் எக்கானமியில் இருக்கை 2-4-2 வரிசை, முன்பின் இடைவெளி 38 அங்குலம். பதினெட்டு மணி நேரத்துக்கு இது போதுமா என்றால், உட்கார்ந்திருக்கப் போதும், தூங்கக் கொஞ்சம் குறை. முதுகு எட்டு அங்குலம் சாயும். முழுதாகச் சாய்ந்தால் பின்னால் இருப்பவர் ஜன்னல் பக்கத்திலிருந்து வெளியே வருவது சிரமம், அதனால் அடிக்கடி எழுகிறவர்கள் நடைபாதை இருக்கையையே எடுக்க வேண்டும். வாங்க வேண்டிய இருக்கை என்று ஒன்று உண்டு. விமானத்தின் உடல் பின்னால் குறுகும் கடைசிச் சில வரிசைகளில் ஜன்னல் பக்கம் இரட்டைக்குப் பதில் ஒற்றை இருக்கை. யார் முழங்காலையும் தாண்ட வேண்டாம். ஜன்னலுக்கும் இருக்கைக்கும் நடுவே பை, செருப்பு, போர்வை வைக்க ஒரு பெட்டியும் இருக்கும். அவை முதலில் விற்றுப்போகும், டிக்கெட் போட்ட அன்றே பிடித்துவிட வேண்டும். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்ட வசதி உண்டு. ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அதுதான்.

பிசினஸில் எல்லோருக்கும் நடைபாதை உண்டு, இருக்கை மிக அகலம். படுக்கைதான் கொஞ்சம் விசித்திரம். பொத்தானை அழுத்தினால் முழுதும் தட்டையாகாது. எழுந்து நின்று முதுகுப்பகுதியை முன்னால் மடக்கிக் கவிழ்த்தால் பின்புறத்தில் மெத்தை இருக்கும். பணிப்பெண்ணிடம் சொன்னால் அவரே போட்டுத் தருவார். நேராகப் படுக்க முடியாது, குறுக்குவாட்டில் கிடந்து மூலையில் உள்ள பொந்துக்குள் காலை விட வேண்டும். ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவர்கள் முதல் வரிசையை எடுத்தால் கால் வைக்கும் இடம் முழு அகலத்துக்கும் கிடைக்கும்.

சாப்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. இந்திய சைவம், ஜைன உணவு எல்லாம் கிளம்புவதற்கு 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். விமானத்தில் ஏறிக் கேட்டால் கிடைக்காது. வேளைச் சாப்பாடுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி வரும், பசித்தால் பின்பக்கச் சமையலறைக்குப் போய்க் கேட்கத் தயங்க வேண்டாம். வைஃபை இலவசம்தான், ஆனால் பிரீமியம் எக்கானமியில் அதற்கு அவர்களுடைய கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர் எண் வேண்டும். பதிவு செய்யக் காசு இல்லை. தரையில் இருக்கும்போதே செய்து, எண்ணை டிக்கெட்டில் ஏற்றிவிடுங்கள். விமானம் வடக்கே மிக உயர ஏறும் நாளில் இணைப்பு சில மணி நேரம் அறுந்துபோகலாம். பூமத்தியரேகைக்கு மேல் நிற்கும் செயற்கைக்கோள்களுக்குத் துருவப் பகுதி எட்டாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: ‘இரவு ஒன்று’ என்ற மருந்துச் சீட்டுக் கணக்கு இந்தப் பயணத்தில் குழம்பிவிடும். கடிகார நேரத்தை விட்டுவிட்டு, கடைசியாகப் போட்டதிலிருந்து எத்தனை மணி நேரம் என்று எண்ண வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் புறப்படும் முன் மருத்துவரிடம் விமான நேரத்தைக் காட்டி எழுதி வாங்கிக்கொள்வது அவசியம். காலில் ரத்தக்கட்டு வந்தவர்களும் அப்படியே.

சென்னைக்காரர்களுக்கான கணக்கு இது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,920 கிலோமீட்டர், துபாய் சுமார் 2,930. இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம், ஒன்று கிழக்கே, இன்னொன்று மேற்கே. அங்கிருந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். துபாயிலிருந்து ஜே.எஃப்.கே. சுமார் 11,020 கிலோமீட்டர், சிங்கப்பூரிலிருந்து 15,349. மொத்தம் 13,950-க்கு எதிராக 18,270. சென்னைக்கும் நியூயார்க்குக்கும் நேர்கோட்டுத் தூரமே 13,480 தான் என்பதால், துபாய் வழி ஏறக்குறைய நேர்வழி. சிங்கப்பூர் வழியில் 4,300 கிலோமீட்டர் அதிகம், நேரத்தில் ஐந்து மணியாவது கூடுதல். சிங்கப்பூரில் காத்திருப்பையும் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து ஒன்றரை நாள் ஆகிவிடும். கூடவே பிரீமியம் எக்கானமி விலை. சிங்கப்பூரில் பார்க்க வேண்டியவர் இருந்தால், அல்லது 2025 ஜூனில் கத்தார் வான்வெளி மூடப்பட்டதுபோல் வளைகுடாப் பக்கம் நிலைமை கெட்டால், அப்போது இந்த வழியை யோசிக்கலாம்.

திருச்சிக்கும் கோவைக்கும் நிலைமை வேறு. அங்கிருந்து ஸ்கூட் விமானம் நேரே சாங்கிக்குப் போகிறது. ஸ்கூட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் ஒரே குழுமம். இரண்டையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். இதில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே டிக்கெட்டானால் அமெரிக்க வழிக்கான பெட்டிக் கணக்கு, அதாவது பிரீமியம் எக்கானமியில் தலைக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி, பொதுவாக ஊரிலிருந்தே பொருந்தும். பெட்டியும் நேரே நியூயார்க் போகும். தனித்தனியாகப் போட்டால் திருச்சியில் ஸ்கூட் அனுமதிக்கும் எடைக்கு மேல் உள்ளதற்குக் காசு கட்ட வேண்டும். சிங்கப்பூரில் குடிநுழைவைத் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு விசா விதி வேறு பார்க்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காக நிற்காது, பணமும் திரும்பாது. ஸ்கூட் இறங்குவது முனையம் 1, அங்கிருந்து ஸ்கைடிரெயினில் மாற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியை எடுக்க வேண்டாம்.

எக்கானமி விலையில்தான் போக வேண்டும், ஆனால் இதே நிறுவனம் வேண்டும் என்பவர்களுக்கு எஸ்கியூ 26 இருக்கிறது. ஃபிராங்பர்ட்டில் நின்று ஜே.எஃப்.கே. போகும். தூரம் சுமார் 16,500 கிலோமீட்டர். ஃபிராங்பர்ட்டில் எல்லோரும் கைப்பையோடு இறங்கி, சோதனை முடித்து, அதே விமானத்தில் ஏற வேண்டும். இன்னொரு வழி சான் ஃபிரான்சிஸ்கோ வரை நேரடி, பிறகு உள்நாட்டு விமானம். அதில் குடிநுழைவும் பெட்டி எடுத்து மறுபடி கொடுப்பதும் சான் ஃபிரான்சிஸ்கோவிலேயே முடிக்க வேண்டும்.

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை ஒவ்வொரு வாயிலிலும் தனியாக நடக்கும். உள்ளே போகும் முன் தண்ணீர்ப் பாட்டிலைக் காலி செய்ய வேண்டும், கழிப்பறைக்கும் முன்பே போய்விடுவது நல்லது. அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மில்லிலிட்டருக்கு மேல் பொடி எதுவும் கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள், சந்தேகம் தீரவில்லை என்றால் வாங்கி வைத்துவிடுவார்கள். சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, சத்துமாவு எல்லாம் பெட்டியில் போக வேண்டும். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியிலும் வைக்காதீர்கள். எலுமிச்சை இனப் பயிர்களைத் தாக்கும் பூச்சி அதில் வரும் என்பதால் அமெரிக்காவில் தடை.

நூவர்க்கா, ஜே.எஃப்.கே.யா என்பதை நேரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எடிசன், ஜெர்சி சிட்டி, பிரிட்ஜ்வாட்டர் பக்கம் போகிறவர்களுக்கு நூவர்க். குவீன்ஸ், ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம், லாங் ஐலண்ட் போகிறவர்களுக்கு ஜே.எஃப்.கே. இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் மன்ஹாட்டன் நிற்கிறது. மாலை நெரிசலில் காரில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். பனிப்புயலால் ஒரு விமானம் ரத்தானால் பெரும்பாலும் மற்ற விமான நிலையத்து விமானத்தில்தான் இடம் கேட்க வேண்டியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நேரடி விமானம் நாளைக்கு ஒன்றுதான். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை நியூயார்க் பக்கமிருந்து சிங்கப்பூர் போய்வருகிறவர்கள் போகும்போது ஒரு விமான நிலையத்தில் காரை நிறுத்திவிட்டுப் போனால், திரும்பி இறங்குவது இன்னொன்றாக இருக்கலாம். அந்த மாதங்களில் ஏர்டிரெயினும் ரயிலும் போதும். ஜே.எஃப்.கே. முனையம் 4-இலிருந்து ஜமைக்கா நிலையத்துக்கும், நூவர்க்கில் முனையம் பி-யிலிருந்து நியூஜெர்சி டிரான்சிட் நிலையத்துக்கும் ஏர்டிரெயின் போகிறது.